அப்புச்சி சொல்ற எடத்துல கேமராவைக் கட்டு

வாடா சாமி, அந்தப் பொட்டியைக் கொண்டா பார்க்கலாம். ராத்திரி காட்டுக்கு வர்ற முள்ளம்பன்னியைப் படம் புடிக்கப் போறயாமா? நல்லது. கோயமுத்தூர்ல சம்பாரிக்கற காசுக்கும் ஒரு செலவு வேண்டாமா! ஆனா குச்சிக்கெழங்குக் காட்டு நடுவால கம்பு நட்டு, உன்ற நெத்தி உசரத்துல கட்டியிருக்கற பாரு, அதுக்குத்தான் சிரிச்சேன். வர்றது முள்ளம்பன்னியா, ஒட்டகச்சிவிங்கியா? முழங்கால் உசரம் போதும்.

கெழக்கயும் மேக்கயும் பார்த்து வெக்காத, சூரியன் கண்ணைக் குத்தும். முன்னால இருக்கற புல்லைச் செதுக்கிரு. அந்தப் பொட்டி சூடு நகர்ந்தா முழிக்கற சாதி. வெயில்ல காஞ்ச புல்லு காத்துல ஆடுனாலும் முழிச்சுக்கும். செதுக்காம உட்டயின்னா ஞாயித்துக்கெழமை முச்சூடும் புல்லுப் படம் பார்த்துட்டு, ‘இயற்கை’ன்னு ஸ்டேட்டஸ் வெக்கத்தான் ஆகும்.

கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. சத்தியமங்கலத்தைப் புலிகள் காப்பகமா 2013ல அறிவிச்சாங்கல்ல, அங்க கணக்கெடுக்க வந்த பசங்களுக்குப் பொட்டி சுமந்து மரத்துல கட்டுனவன் நான். புலிக்குத் தடத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டோணும். எடப்பக்கத்து வரி வேற, வலப்பக்கத்து வரி வேற. முள்ளம்பன்னிக்கு ஒண்ணு போதும், எந்தப் பக்கம் பார்த்தாலும் முள்ளுதான்.

அந்தப் பசங்கதான் சொன்னாங்க: 1920கள்ல வடக்கே சாம்பியன்னு ஒரு வெள்ளைக்கார வன அதிகாரி, தடத்துக்குக் குறுக்கால கம்பி கட்டி, புலி காலு பட்டா வெளிச்சம் அடிச்சுப் படம் உழுகற மாதிரி பண்ணுனாராமா. 1927ல புத்தகமே போட்டுட்டாரு. அந்த மனுசன் பகல்ல தடத்தைப் படிச்சாரு. நீ பொட்டியோட வந்த காயிதத்தைப் படிச்சிருக்கற.

வளை எங்கயிருக்குதுன்னு பார்த்தயா? கரட்டோரம் பாறைக்கடியில போயிப் பாரு. வளை வாயில எலும்புத்துண்டு கெடந்தா அங்கதான் குடித்தனம். கறி திங்கற சாதியில்ல, கெழங்கும் வேரும் பட்டையுந்தான் சாப்பாடு. ஆனா எலி இனமாச்சே, பல்லு வளந்துக்கிட்டே கெடக்கும்; அதைத் தேய்க்கோணும், ஒடம்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேணும். உங்க அமுச்சிக்கு வெத்தலையில சுண்ணாம்பு, அதுக்கு எலும்பு. வளையில இருந்து கெழங்குக்கு வர்ற தடத்துல, மண்ணு நோண்டுன எடத்துக்கு முன்னால கட்டு. நெலாக் காலத்துல வெளிய வர அதுக்கு மனசு வராது. அமாவாசையை ஒட்டிக் கட்டு.

முள்ளை அம்பு கணக்கா எய்யும்னு எவனோ வீடியோவுல சொன்னானாமா. எய்யாது. மொதல்ல வாலை ஆட்டிக் கிலுகிலுன்னு சத்தம் போடும். அப்பவும் நீ போகலீன்னா, பொறத்தால திரும்பி வந்து இடிக்கும். ஜிம் கார்பெட் சுட்ட முக்தேசர் புலி இருக்குதே, அதுக்கு ஒரு கண்ணு போனதும், முன்னங்காலுல அம்பது முள்ளு வாக்குல ஏறுனதும் முள்ளம்பன்னிகிட்ட வம்புக்குப் போயித்தான். நீ புலிகூட இல்லை. செல்லுல லைட் அடிச்சுக்கிட்டு வளைக்குள்ள குனியாத.

நம்ம காட்டோட நிறுத்திக்க. வேலிக்கு அந்தப் பக்கம் கட்டோணும்னா வனத்துறைகிட்ட அனுமதி வாங்கோணும். இன்னொண்ணு, நீ எடுத்த படத்தைப் பார்த்துட்டு உன்ற மாமன் வளைக்குப் பொகை போடக் கெளம்புவான். 1972ல போட்ட சட்டம் ஆளை உள்ள தள்ளிரும்னு இப்பவே சொல்லி வை. கெழங்குல அது தின்னதைவிட அவன் சீட்டாட்டத்துல உட்டது சாஸ்தி.

அப்பறம், தெக்கால மோட்டார் ரூமு இருக்குது பாரு, அந்தப் பக்கம் மட்டும் பொட்டியைத் திருப்பாத. அங்க முள்ளம்பன்னி வராது. எப்படித் தெரியும்னா, தெரியும். டாக்டரு எனக்கு இனிப்பு ஆகாதுன்னதுல இருந்து உங்க அமுச்சி நாட்டுச்சக்கரை டப்பாவைப் பூட்டித்தான் வெச்சிருக்கறா. அது வேற கதை, அதுக்கும் மோட்டார் ரூமுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. அதையும் மீறிப் பதினோரு மணி வாக்குல போர்வை போத்துன உருவம் ஏதாச்சும் படத்துல உழுந்துச்சுன்னா, அமுச்சிகிட்டக் கரடின்னு சொல்லிரு. நம்ம பக்கம் கரடி உண்டு. அதுக்கும் இனிப்புன்னா உசுரு.