ஏலக்காய்க்கு ஏது சம்பளச் சீட்டு?

போடிநாயக்கனூரில் ஒருவர் வசதியானவரா என்று தெரிந்துகொள்ள டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ போதும். மலைமேலே எத்தனை ஏக்கர், போன சீசனில் எத்தனை மூட்டை, காயை உடனே தள்ளினாரா, விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறாரா, மூத்த பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார் என்று டீ ஆறுவதற்குள் மொத்தக் கணக்கும் வந்துவிடும். பிரிட்டனின் விசா அதிகாரி அந்தக் கடைக்கு வருவதில்லை. அவருக்கு எல்லாம் காகிதத்தில் வேண்டும். பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்கக் கிளம்பும் ஏலத்தோட்டக்காரர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஊரில் பணம் இல்லாமல் இல்லை. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று போடி, இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. காயைக் கையில் வைத்திருந்தவர் சந்தோஷத்தில் தூங்கவில்லை. முந்தின வாரம் விற்றவர் வயிற்றெரிச்சலில் தூங்கவில்லை. 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியபோது இருவருமே தூங்கவில்லை.

விசாக்காரர்களின் விலை மட்டும் இறங்குவதே இல்லை. லண்டனில் படிக்கப்போகிறவர் மாதம் 1,483 பவுண்டு வீதம் 9 மாதச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்று பிரிட்டன் 2025 ஜனவரியில் வைத்தது. மொத்தம் 13,347 பவுண்டு, அன்றைய மதிப்பில் சுமார் 14 லட்சம் ரூபாய். கல்லூரிக் கட்டணப் பாக்கி தனி. கிலோ 7,000 விற்றால் அது 4 மூட்டை ஏலக்காய்; 900 விற்றால் 31 மூட்டை. அதே ஆண்டு நவம்பரில் தொகையை மறுபடியும் ஏற்றினார்கள்.

மகளுக்கு லண்டனில் எம்.எஸ்சி. இடம் கிடைத்த ஒரு தோட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். கன்சல்டன்சிக்காரத் தம்பி எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுவார்: மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன், ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு.

“ஏலக்காய்க்கு ஏது தம்பி சம்பளச் சீட்டு?”

“அப்ப ரிட்டர்ன் மட்டும் குடுங்க சார்.”

ரிட்டர்னுக்கும் அவர் எங்கே போவார்? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் தன் 10(1) பிரிவிலேயே விவசாய வருமானத்துக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. தேயிலை வளர்த்துத் தயாரித்து விற்பவருக்கு வருமானத்தில் 40 சதவீதம் வரிக்கு உட்படும். அவரிடம் ஒழுங்கான காகிதம் இருக்கும். ஏலக்காயை ஸ்டோரில் சூடேற்றி உலர்த்தி விற்றாலும் அது முழுக்க விவசாயம்தான். வரி கட்டாததை இத்தனை காலமும் பாக்கியம் என்று நினைத்திருந்தவர், கொஞ்சமாவது கட்டித் தொலைத்திருக்கலாமே என்று முதல்முறையாக வருந்துகிறார். இப்படி வருந்தும் குடிமகனை இந்திய அரசு வேறெங்கும் பார்க்க முடியாது.

தாலுகா அலுவலகம் வழங்கிய வருமானச் சான்று ஒன்று பீரோவில் இருக்கத்தான் செய்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு நெடுங்காலம் 72,000 ரூபாயாக இருந்தது. அந்தக் காலத்தில் வாங்கியது. அதன்படி குடும்பத்தின் ஆண்டு வருமானம் மிகச் சரியாக 72,000. அதைப் பத்திரமாக அடியில் தள்ளிவிட்டு, ஆடிட்டரிடம் போய் நெட்வொர்த் சர்டிபிகேட் கேட்கிறார். 2019 பிப்ரவரியிலிருந்து ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றுக்கும் 18 இலக்க யூடிஐஎன் எண் போட வேண்டும். அந்த எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் சான்று உண்மைதானா என்று சரிபார்க்கலாம். அதனால் ஆடிட்டர் வாய்வார்த்தையை நம்புவதில்லை. வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு, தோட்டத்து ஆவணம் எல்லாம் கேட்கிறார். “இந்த வருசம் காயே இல்லைப்பா” என்று சம்பந்தி வரைக்கும் சொல்லிவைத்திருந்த மனுசன், கோடிக் கணக்கில் சொத்திருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தாள் சம்பந்தி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது விசாவைவிடப் பெரிய வேலை.

தோட்டத்து ஆவணம் இன்னொரு கூத்து. வீடு போடியில், தோட்டம் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளத்தில். பத்திரமும் வரி ரசீதும் மலையாளத்தில் இருக்கும். மொழிபெயர்க்க ஒருவர், நோட்டரி ஒருவர், மதிப்புப் போட ஒரு இன்ஜினியர் என்று ஆள் பிடிக்க வேண்டும். ஏலமலைப் பகுதி காடா, வருவாய் நிலமா என்ற வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இன்ஜினியர் மதிப்புப் போடும்போது பேனா கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். இத்தனையும் முடித்தபிறகு தெரிகிறது, பிரிட்டனின் மாணவர் விசாவுக்கு நிலமும் நகையும் கணக்கிலேயே வராது. வங்கியில் கிடக்கும் பணம் மட்டும்தான் பணம்.

அதுவும் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் தொகைக்குக் கீழே போனாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். இந்த விதியை எழுதியவர் ஏலத்தோட்டத்தைப் பார்த்தவர் இல்லை. ஒரு காய் எடுப்புக்கும் அடுத்த எடுப்புக்கும் இடையில் 30 முதல் 45 நாள் ஆகும். முதல் எடுப்பில் வந்த பணம் கூலி, மருந்து, உரம், ஜீப் வாடகை என்று கரைந்து தீரும்போதுதான் அடுத்த எடுப்பு வரும். பணம் ஓடவேண்டிய அதே நாட்களில் அதை அசையாமல் நிற்கச் சொல்கிறது லண்டன்.

ஆகவே போடியில் ஒரு விசித்திரமான மனிதர் உருவாகிறார். வங்கியில் 14 லட்சத்துக்கும் மேல். சனிக்கிழமைக் கூலிக்குப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் 20,000 கைமாற்று. “அண்ணே, உரம் வந்து இறங்கிருச்சு, டிரைவர் நிக்கிறாரு” என்று கணக்குப்பிள்ளை போன் செய்தால், “இன்னும் பதினோரு நாள் பொறுக்கச் சொல்லு” என்கிறார். மகளுக்குக் குளிர் கோட்டு வாங்குவதுகூடக் கடன் சொல்லித்தான்.

“நான் இருக்கேன்ல மாப்ள” என்று தாய்மாமன் வருவார். காதுகுத்து முதல் கல்யாணம் வரை முதல் மரியாதை வாங்கும் மாமனை பிரிட்டிஷ் விதி அடையாளம் காணாது. பிள்ளை, பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் கணக்குத்தான் செல்லும். அமெரிக்கா மாமனை அனுமதிக்கும். ஆனால் அவர் ஏன் செலவழிக்கிறார் என்று கேட்கும். இந்தச் சந்தேகம் புதிதில்லை. யுனிவர்சல் ஸ்டுடியோவை நிறுவிய கார்ல் லெம்லி, 1930களில் ஹிட்லரிடமிருந்து தப்ப முயன்ற யூதர்கள் 300க்கும் மேற்பட்டோருக்கு ஸ்பான்சர் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கடைசியில் ஜெர்மனியிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி, இந்த வயதில் இவர் எப்படிக் காப்பாற்றுவார் என்று கேட்டுவிட்டார். சினிமா முதலாளிக்கே அந்தக் கதி.

ஜெர்மனிக்காரர்கள் இந்த வம்பெல்லாம் வளர்ப்பதில்லை. 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ பிள்ளைக்கு வரும். மாமன் போட்டாலும் சரி.

2023 ஜூனிலிருந்து போடியிலிருந்து சென்னைக்கு நேராக ரயில் ஓடுகிறது. அமெரிக்க இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் பைலை மடியில் வைத்துக்கொண்டே விடிய விடியப் போகிறார்கள். ஜெமினி மேம்பாலத்தருகே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி இரண்டு மூன்று கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார். பல நேரம் பைலைத் திறக்கக்கூட மாட்டார்.

இத்தனை சிக்கல் என்பதற்காக, வட்டிக்குப் பணம் வாங்கி 28 நாள் கணக்கில் நிறுத்தித் தருகிறோம் என்பவர்களிடம் போய்விடாதீர்கள். பொய்யான ஆதாரம் கொடுத்தது பிடிபட்டால் பிரிட்டனின் கதவு 10 ஆண்டுக்கு மூடிவிடும். வரும் சீசனில் முதல் எடுப்பிலிருந்தே காய்ப் பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். ஏலத்தில் தரும் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டு விவசாய வருமானத்தைக் காட்டுங்கள். முக்கியமாக, பிள்ளையின் பிறப்புச் சான்றில் இருக்கும் அப்பா பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் அப்பாதான் அப்பா என்று நிரூபிக்கத் தனியாக ஒரு பைல் போட வேண்டியிருக்கும்.