ரேம்: தோற்றமும் பற்றாக்குறையும்

பட்ஜெட் கணினியில் ஆடுவோர் நலன் கருதிச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் ‘பையன் படிப்புக்காக’ வாங்கப்படும் கணினிகள் நாளடைவில் ஆட்டத்துக்கே பயன்படுகின்றன என்பது அறிஞர் பலரும் ஒப்புக்கொண்ட உண்மை. பெற்றோரும் ஒப்புக்கொண்டுவிட்டனர். ஆனால் அந்தக் கணினிகள் ஆட்டத்துக்கும் உதவாமல் திக்கித் திணறுவது ஏன் என்ற வினா இதுவரை உரிய கவனம் பெறவில்லை. அக்குறையைப் போக்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

கருதுகோள்

‘ஆட்டத்தில் தோற்பது ஆடுபவரின் குறையன்று, லேக் அடிப்பதால் வருவது. லேக் அடிப்பது ரேம் போதாமையால் வருவது.’

இக்கருதுகோளை ஆடுவோர் அனைவரும் ஒருமனதாக ஏற்கின்றனர். சோதனைக்கு முன்பே இத்தனை கருத்தொற்றுமை கண்ட துறை வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. எனினும் ஆய்வு நெறி கருதி இதுவும் சோதிக்கப்படுகிறது.

ஆய்வெல்லை

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி வருமாறு: ஏஎம்டி ரைசன் 3 3200ஜி செயலி, இரண்டு ரேம் ஸ்லாட் கொண்ட ஏ320 மதர்போர்டு, 2666 வேகத்தில் ஓடும் 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. 2019இல் வந்த இச்செயலிக்குள்ளேயே ‘வேகா 8’ என்ற கிராஃபிக்ஸ் பகுதி அடங்கியிருப்பதால், ‘கார்டு அப்புறம் பாத்துக்கலாம்’ என்ற உறுதிமொழியோடு வாங்கப்படுபவை இத்தகைய கணினிகள். அந்த ‘அப்புறம்’ காலவரையறைக்கு உட்படாதது. ஆகவே ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. மடிக்கணினியில் ஆடுவோரும், கலர் கலராக விளக்கு எரியும் ரேம்களும் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. முன்னவர் துன்பம் வேறு. பின்னவற்றின் பயன் கண்ணாடி கேபினட் வைத்திருப்போருக்கு மட்டுமே.

முன்னாய்வுகள்

இத்துறையின் மூலவர் ராபர்ட் டென்னார்ட். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இருந்தால் ஒரு பிட்டைச் சேமித்துவிடலாம் என்று கண்டு, 1968இல் காப்புரிமை பெற்றார். 1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 சில்லு 1,024 பிட்களைத் தாங்கியது. நம் மாதிரியிலுள்ள ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்கில் 6,800 கோடிக்கும் மேற்பட்ட மின்தேக்கிகள் இருக்கின்றன. அத்தனையிலும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொன்றையும் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் வைத்ததை மறந்துவிடும். அதாவது நொடிக்குப் பதினைந்து தடவை நினைவுபடுத்த வேண்டும். இக்குணம் மாணவனிடம் காணப்பட்டால் பெற்றோரை அழைத்துவரச் சொல்வார்கள். ரேமிடம் காணப்பட்டதால் ‘டைனமிக்’ என்று பெயர் வைத்தார்கள்.

ரேமை வாங்காமலே கூட்டும் முயற்சிகளும் நடந்துள்ளன. 1995இல் சின்க்ரோனிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ‘சாஃப்ட்ரேம் 95’ என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. நிறுவினால் போதும், ரேம் இரட்டிப்பாகும் என்றது. லட்சக்கணக்கில் விற்றது. வல்லுநர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, சொன்ன வேலை எதையும் அது செய்யவில்லை என்று தெரிந்தது. 1996இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அதன் வழித்தோன்றல்கள் ‘ரேம் பூஸ்டர்’ என்ற பெயரில் இன்றும் நலமாக உள்ளன.

இயல் ஒன்று: பற்றாக்குறை

எட்டு ஜிபி எங்கே போகிறது? முதல் கை நீட்டுவது வேகா 8. தனக்கென்று நினைவகம் இல்லாத அது, பயோஸ் அமைப்பைப் பொறுத்து 2 ஜிபி வரை, விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டுவிடும். ‘8 ஜிபி’ என்று பெருமையாகப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே பயன்படுத்தக் கூடியது 5.9 ஜிபிதான் என்று விண்டோஸ் முணுமுணுப்பது இதனால்தான். அடுத்து விண்டோஸ் 11. தனக்குக் குறைந்தது 4 ஜிபியாவது உள்ள கணினி வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பின்னணியில் டிஸ்கார்ட். அதற்கும் பின்னணியில் ஏகப்பட்ட டேப்களோடு குரோம். அவற்றில் ஒன்றில் ‘கணினி ஸ்லோவாக இருந்தால் என்ன செய்வது’ என்ற யூடியூப் வீடியோ. இவர்களெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு ஆட்டத்துக்கு இலை போடப்படுகிறது.

ஆட்டங்களின் பசியோ ஆண்டுக்காண்டு ஏறுகிறது. 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5, குறைந்தது 4 ஜிபி, நன்றாக ஓட 8 ஜிபி என்றது. 2022இல் வந்த எல்டன் ரிங் குறைந்தபட்சமே 12 ஜிபி கேட்டது. 8 ஜிபி போதும் என்று 2020இல் வந்த சைபர்பங்க் 2077, வீட்டுக்குள் வந்து அமர்ந்தபின் 2023இல் அதை 12 ஆக்கிக்கொண்டது. வாலரன்ட் மட்டும் 4 ஜிபி இருந்தால் போதும் என்கிறது. போட்டி உலகில் இத்தகைய அடக்கம் அரிது.

இடம் போதாதபோது விண்டோஸ், ரேமில் இருப்பதைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவரும். ரேமிலிருந்து எடுக்க நூறு நானோ நொடி ஆகுமென்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தேடி எடுக்கப் பத்து மில்லி நொடி ஆகும்: லட்சம் மடங்கு. இதன் விளைவை நேரில் காணலாம். ஆடுபவர் துப்பாக்கியோடு ஒரு மூலையில் திரும்புகிறார். படம் அப்படியே நிற்கிறது. கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் லைட் சிமிட்டாமல் எரிகிறது. உள்ளே கறகறவென்று சத்தம். படம் மீண்டும் நகரும்போது அவர் தரையில் கிடக்கிறார். ஹெட்போனில் நண்பர் கேட்கிறார்: “மச்சி, ஏன்டா மரம் மாதிரி நின்ன?” பதில் ஒரே சொல்: “லேக்டா.”

இயல் இரண்டு: இணை

பொதுமக்கள் ரேமின் அளவை மட்டுமே பார்க்கின்றனர், வழியைப் பார்ப்பதில்லை. 2666 வேக ஸ்டிக் ஒன்று நொடிக்கு 21.3 ஜிபி தரவைக் கடத்தவல்லது. இந்த ஒரு வழியைத்தான் செயலியும் வேகாவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ரேஷன் கடைக் கிடங்கில் எத்தனை மூட்டை அரிசி இருந்தால் என்ன, எடை போட ஒரே தராசு என்றால் வரிசை நகராது. அதே அளவு ஸ்டிக் ஒன்றைக் காலி ஸ்லாட்டில் செருகினால் இரண்டாவது தராசு வந்துவிடுகிறது: நொடிக்கு 42.6 ஜிபி. இதையே ‘டூயல் சேனல்’ என்பர். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஆட்டத்தின் ஃபிரேம் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிய ஏறுவதற்குக் காரணம் இந்த இரண்டாம் வழிதான். கூடுதல் 8 ஜிபி அதற்குத் துணைக்கு வருவதே.

ஆகவே 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கைவிட 8ம் 8ம் சேர்ந்த இணையே இவ்வகைக் கணினிக்குச் சிறந்தது என்பது இவ்வாய்வின் துணிபு. ‘ஃபியூச்சர்ல போட ஒரு ஸ்லாட் காலியா இருக்கட்டும்’ என்று கூறும் மாற்றுத் தரப்பு ஒன்று உண்டு. காலி ஸ்லாட்டுக்கு வட்டி வராது என்பதை மட்டும் அத்தரப்பினர்க்குச் சுட்டலாம்.

அளவோடு மகிழ்தலும் வேண்டும். 2016இல் வந்த சாதாரண ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, தன் சொந்த நினைவகத்தோடு நொடிக்கு 112 ஜிபி கடத்துகிறது. இரண்டு தராசு வைத்தும் நாம் அதில் பாதியைத் தொடவில்லை.

இயல் மூன்று: நிதி ஒப்புதல்

கார்டு விலையைச் சொன்னால் அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பார். ரேம் விலையைச் சொன்னால் சத்தத்தைக் குறைக்காமலே பதில் வரும். ரேமின் சமூகவியல் முக்கியத்துவம் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு வகைமாதிரி உரையாடல்:

“அப்பா, சிஸ்டத்துக்கு இன்னொரு ரேம் போடணும்.”

“இருக்கிறதுக்கு என்ன கேடு?”

“ஹேங் ஆவுதுப்பா. புராஜக்ட் பண்ண முடியல.”

“போன வருஷமும் புராஜக்ட்னுதானே சொன்ன?”

“அது மினி புராஜக்ட்ப்பா.”

அடுக்களையிலிருந்து அம்மா: “அவன் விளையாடத்தான் கேக்கறான். குடுத்துத் தொலைங்க, ராத்திரி டேபிளைத் தட்டாமயாவது இருப்பான்.”

மூவருக்கும் உண்மை தெரியும். மூவருக்கும் தெரியும் என்பதும் மூவருக்கும் தெரியும். தொகை சிறியது என்பதால் மட்டுமே கோப்பு நகர்கிறது.

இக்கோட்பாடு 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஆட்டங்கண்டது. உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். ஏஐ தரவு மையங்கள் நினைவகத்தை மொத்தமாக அள்ளத் தொடங்கியதும், சில்லறையில் வாங்குவோர்க்கு விலை எகிறியது. சாமானியர்க்கு ரேம் விற்றுவந்த தன் ‘குரூசியல்’ வணிகத்திலிருந்தே வெளியேறுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. பையனுக்குப் புராஜக்ட் எழுதித் தரும் அதே ஏஐ, அவனுடைய ரேமுக்கும் போட்டிக்கு வந்துவிட்டது என்பதே இவ்வியலின் சாரம்.

இயல் நான்கு: களப்பணி

விலையேற்றத்துக்குப் பின் களம் பழைய சரக்கை நோக்கி நகர்ந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இதற்கு உகந்த களம். கண்ணாடி மேசைக்கு அப்பால் நிற்பவர் நிமிராமலே கேட்பார்:

“டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?”

“டெஸ்க்டாப்ண்ணே. டிடிஆர் ஃபோர், எட்டு ஜிபி.”

“என்ன ஸ்பீடு?”

இந்த இடத்தில் தகவலாளிகள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றனர். வீட்டில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால் வேகம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். ஏற்கெனவே உள்ள ஸ்டிக்கின் லேபிளை போனில் படமெடுத்துக்கொண்டு போவது இன்னும் உத்தமம். 3200 வேக ஸ்டிக்கை 2666 பக்கத்தில் செருகினால் இரண்டும் 2666இல்தான் ஓடும். மலிவு என்று டிடிஆர்3 வாங்கினால் எதிலும் ஓடாது: அதற்கு 240 பின், டிடிஆர்4க்கு 288, நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும்.

புதுச் சரக்குக்கு கம்பெனி வாரண்டி உண்டு. பழசுக்கு ‘டெஸ்டிங் வாரண்டி’: கடையிலேயே ஒரு போர்டில் மாட்டி, திரையில் எண் தெரிவதைக் காட்டுவார்கள். படியிறங்கியதும் அந்த வாரண்டி முடிகிறது.

இயல் ஐந்து: பொருத்துமுறை

கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் முதலில் தென்படுவது தூசி. கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஸ்லாட்டின் கொக்கியைத் திறந்து, ஸ்டிக்கின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டில் உட்காரும்படி வைத்து, இரு முனையிலும் கட்டைவிரலால் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். போர்டு லேசாக வளையும். பின்னால் நிற்கும் யாராவது ஒருவர் “டேய், உடைச்சிடாதடா” என்பார். ‘டக்’ என்று கொக்கி தானாக நிமிர்ந்து கவ்வினால் வேலை முடிந்தது.

சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். இதற்கு மெக்கானிக்குகள் வைத்துள்ள கலைச்சொல் ‘நோ டிஸ்ப்ளே’. பதற வேண்டாம். புது ரேமைப் பழகிக்கொள்ள போர்டுக்கு முதல் முறை கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்போதும் வராவிட்டால் ஸ்டிக்கைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, மறுபடி செருக வேண்டும். பற்களில் படிந்த அழுக்கும் ஆக்சைடும் போய்விடுகின்றன என்பது இதன் விளக்கம். அழுத்தித் தேய்த்தால் தங்கமும் போய்விடும். லட்சக்கணக்கான கோடி ரூபாய் சில்லுத் தொழில், கடைசி நேரத்தில் பள்ளிக்கூடப் பையிலிருக்கும் ரப்பரை நம்பி நிற்கும் இக்காட்சி தனி ஆய்வுக்குரியது.

ஆய்வு முடிவுகள்

ஒன்று, ஆட்டத்தின் நடுவே படம் உறைந்து நிற்பது பெருமளவு ஒழிந்தது. இரண்டு, வேகாவுக்கு வழி இரட்டிப்பானதால் ஃபிரேம்கள் ஏறின. மூன்று, ஆட்டம் திறக்க ஆகும் நேரத்தில் பெரிய மாற்றமில்லை. அதற்கு எஸ்எஸ்டி வாங்க வேண்டும். நான்கு, ஏற்கெனவே நல்ல கார்டும் 16 ஜிபி இணையும் வைத்திருப்பவர் மேலும் ரேம் போட்டால் பெரும்பாலான ஆட்டங்களில் ஏறுவது கடைக்காரரின் வருமானம் மட்டுமே.

ஐந்தாவது, கருதுகோள் பற்றியது. லேக் அடிப்பது ரேம் போதாமையால் என்ற பகுதி நிறுவப்பட்டது. தோற்பது லேக்கால் என்ற பகுதி நிறுவப்படவில்லை. முன்பு திரை உறைந்து, எதிரியைக் காணாமலே இறந்தவர், இப்போது எதிரியைத் தெளிவாகக் கண்டு, நிதானமாகக் குறிபார்த்து, தவறவிட்டு இறக்கிறார்.

மேலாய்வுக்குரிய களங்கள்

இணைய இணைப்பின் பிங், மவுஸின் எடை, மானிட்டரின் வேகம், நாற்காலியின் சாய்வு ஆகியவற்றுக்கும் தோல்விக்குமுள்ள உறவு விரிவாக ஆராயப்பட வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் நல்கை கேட்டு அப்பாவிடம் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். ஆடுபவரின் திறன் என்ற களமும் உண்டு. செலவே இல்லாத ஆய்வு அது, தகவலாளிகள்தாம் முன்வருவதில்லை.