கிண்டி வருவதற்குள்

கேள்வி: தாம்பரம்–பீச் மின்ரயிலில் தினமும் போனில் பத்து ஆட்டம் செஸ் ஆடியும் முன்னேற்றமே இல்லையே? (சேலையூர் வாசகர்)

பதில்: பத்து ஆட்டம் ஆடினால் ஒரே தப்பைப் பத்து முறை செய்யலாம்! ஒன்று மட்டும் ஆடுங்கள். தோற்றால், எங்கே சறுக்கியது என்று கிண்டி வருவதற்குள் நீங்களே தேடுங்கள். கம்ப்யூட்டரை அப்புறம் கேட்கலாம். ஓப்பனிங் மனப்பாடம் வேண்டாமா என்பீர்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்: உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம் போனது ஓப்பனிங்கிலா? 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையை எதிரே கொண்டுவந்து வைத்தார். நம் குகேஷ் யானையை வெட்டி, பிஷப்பையும் மாற்றிக்கொண்டார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். அந்த முடிவாட்டத்தைத்தான் முதலில் படியுங்கள், பலகையில் சில காய்களே வைத்து. உங்கள் ரயில் ஆட்டங்களோ அதுவரைகூடப் போகாது. குதிரையைச் சும்மா கொடுத்தே பாதி முடிந்திருக்கும். விரல் வைக்குமுன் எதிராளி எதை வெட்டுவார் என்று பாருங்கள்.