கல்யாண ஆல்பத்தில் கணவன் மனைவியைத் தேடுதல்: வாஷி ஹாலை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண் இருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஆதாரம் உண்டு. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். பத்திரிகையில் அழைப்பவர் பெயர் இருக்கிறது, வரவேற்பவர் பெயர் இருக்கிறது, அமரராகிவிட்ட தாத்தா பாட்டியும் இருக்கிறார்கள். வீடியோவில் பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்டவர்கூட இருக்கிறார். அமெரிக்க அரசு இவர்களில் யாரையும் விசாரிப்பதில்லை. மண்டபத்தில் அன்றைக்கு யாருமே கவனிக்காத அந்த இரண்டு பேர் குடும்பம் நடத்தத்தான் தாலி கட்டிக்கொண்டார்களா, கிரீன் கார்டுக்காகவா என்பதே அதன் கேள்வி. துணையை அழைத்துக்கொள்ளப் போடும் ஐ-130 மனுவில் தொடங்கும் இந்த விசாரணையை நம் வீட்டுத் தரவுகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம்.

களமாக நவி மும்பையின் வாஷியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மாணவர் விசா, வேலை விசா என்றால் சென்னையிலேயே வேலை முடியும். குடியேற்ற விசா என்றால் திருநெல்வேலிக்காரரும் நேர்காணலுக்கு மும்பைக்குத்தான் வர வேண்டும். 2011 வரை அங்கே அமெரிக்கத் துணைத்தூதரகம் பிரீச் கேண்டியில், ஒரு காலத்தில் வாங்கானேர் மகாராஜாவின் அரண்மனையாக இருந்த லிங்கன் ஹவுஸில் இருந்தது. பிறகு பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸுக்கு, அதாவது பி.கே.சி.க்கு மாறியது. இந்த மாற்றம் மும்பைத் தமிழரின் விருந்தோம்பல் வரைபடத்தையே திருத்தி எழுதியதை நகரவியல் அறிஞர்கள் இன்னும் கவனிக்கவில்லை. தாராவிக்கு பி.கே.சி. மித்தி ஆற்றின் அந்தப் பக்கம்தான். வீட்டுக்காரர் மனம் எவ்வளவு விசாலமானாலும் நான்கு சூட்கேஸை நிறுத்த இடம் வேண்டாமா? மாட்டுங்காவில் நல்ல காப்பி கிடைக்கும், கால் நீட்ட முடியாது. செம்பூர்ச் சொந்தக்காரர்கள், கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போய்விட்டதால், தாங்களே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மிஞ்சுவது வாஷி. கூடுதலாக ஓர் அறை உண்டு. ஹார்பர் லைனில் ஏறினால் குர்லா. டாக்ஸி என்றால் 2019-இல் திறந்த சுனாபட்டி மேம்பாலம். லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்கும் கூட்டம் சித்தி வீடு, மாமா வீடு என்று எந்த உறவைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் வந்து சேருவது வாஷிப் பாலத்துக்கு அக்கரையில்தான்.

ஆய்வின் மையம் ஹால் தரையில் விரித்த பெட்ஷீட். அதன்மேல் ஆல்பம், தூக்க இரண்டு பேர் வேண்டும். நேர்காணலுக்கு இருபது படம் பொறுக்க வேண்டும். மேடைப் படங்களில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே தவறாமல் ஒருவர் நின்று பரிசுப் பொட்டலம் நீட்டுகிறார். இருவர் மட்டும் உள்ள படங்களில், போட்டோகிராபர் சொன்னபடி, இருவரும் வெவ்வேறு திசையில் வானத்தைப் பார்க்கிறார்கள். ஒன்றில் மட்டும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அதில் இருவரையும் தாமரைப் பூவுக்குள் ஒட்டிவைத்திருக்கிறது.

“இத வைடி, இதுல நான் நல்லா இருக்கேன்” என்கிறார் சித்தி.

“சித்தி, இதுல அவரே இல்லையே!”

“எங்க போயிருப்பாரு? பின்னாடிதான் நிப்பாரு.”

உற்று நோக்கியதில் சித்தியின் தோளுக்குப் பின்னால் மாலையின் ஓரம் தென்பட்டது. இதன் சாட்சிய மதிப்பு தனி ஆய்வுக்குரியது.

வாட்ஸ்அப் உரையாடலையும் அச்செடுத்துக் கொண்டுபோவது வழக்கம். மூன்று வார லீவில் வந்து கல்யாணம் முடித்துத் திரும்பிய கணவருக்கு, இல்லறத்தின் பெரும்பகுதி அதில்தான் நடந்திருக்கிறது. பகுத்துப் பார்த்ததில் முதலிடம் ‘சாப்பிட்டியா’. அடுத்த இடம் ‘ம்’. ஒத்திகைக்காகச் சித்தப்பா ஆபீசராக உட்கார்ந்து, முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். “நெல்லையப்பர் கோயில்ல, சித்தப்பா. கூடப் பதினோரு பேர் இருந்தாங்க” என்றாள் பெண். சித்தப்பாவும் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் என்பதால் மேற்கொண்டு கேள்வி எழவில்லை.

விண்ணப்பதாரர்கள் கொண்டுபோகத் தவறும் தலையாய ஆவணம் மொய் நோட்டு என்பது என் துணிபு. மண்டப வாசலில் மேசை போட்டு, ஒருவர் எண்ண ஒருவர் எழுத, பிள்ளையார் சுழிக்குக் கீழே தாய்மாமன் பெயரில் தொடங்கும் அந்த நோட்டில் ஊர், பெயர், தொகை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அதில் எழுதியதெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டியது. வாங்கியவர் மறந்தாலும் கொடுத்தவர் மறப்பதில்லை. பொய்க் கல்யாணத்துக்குப் படம் எடுக்கலாம், பத்திரிகை அடிக்கலாம், பதிவாளர் முன்னால் கையெழுத்தும் போடலாம். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறிவந்து 1001 ரூபாய் எழுத ஆள் செட்டப் செய்ய முடியுமா? எழுதியவர் தன் வீட்டு விசேஷத்துக்கு 2001 எதிர்பார்ப்பார். எந்த மோசடிக்காரருக்கும் இது கட்டுப்படியாகாது. பெண்ணின் அப்பா அந்த நோட்டைப் பீரோவிலிருந்து வெளியே எடுக்க விடமாட்டார் என்று மறுப்பாளர் சொல்லலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது பெயரியல். தமிழருக்கு இருப்பது ஒரு பெயரும் முன்னால் ஓர் எழுத்தும். அமெரிக்கப் படிவத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவருக்கு விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் தெரியாது என்ற பொருளில் எஃப்.என்.யூ. என்று விழுகிறது. அப்பா பெயரைப் போட்டு நிரப்பியவரை அங்கே ஆபீஸில் அப்பா பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். பெண்ணுக்கோ மார்க்‌ஷீட்டில் அப்பா இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், திருமணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கோப்பு. இந்த மூவரும் ஒருவரே என்று அபிடவிட் வாங்க வேண்டும். மகாராஷ்டிரம் 2024 அக்டோபரில் 100 ரூபாய்ப் பத்திரத்தை 500 ஆக்கியதில் அத்வைதத்தின் விலை ஐந்து மடங்கு ஏறிவிட்டது.

பொருளாதாரப் பகுதி சிறியது. ஐ-864 படிவப்படி, கணவரின் வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பெண்ணின் அப்பா இதைவிடக் கடுமையான தணிக்கையை ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே முடித்திருப்பார்.

வரலாற்றுக்கு வருவோம். 1946-இன் லூஸ்–செல்லர் சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியரை அனுமதித்தது. நம் மாப்பிள்ளை வீட்டார் வரும் இரண்டு பஸ்ஸுக்கே அது காணாது. 1965-இல் சட்டம் தளர்ந்தது. 1986-இல் திருமண மோசடித் தடுப்புத் திருத்தங்கள் வந்தன. அதன்படி, கல்யாணமாகி 2 ஆண்டு நிறையும் முன் போய் இறங்குபவருக்கு நிபந்தனைக் கார்டுதான். அதன் ஆயுள் 2 ஆண்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனுப் போட்டு, கல்யாணம் நிஜம்தான் என்று மறுபடியும் காட்ட வேண்டும்.

மேலோட்டமான ஆய்வாளர் இதை மேலைநாட்டுச் சந்தேக புத்தி என்பார். கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியதுமே ‘ஒண்ணும் விசேஷம் இல்லையா?’ என்று போன் போடும் அத்தையை அவர் கணக்கில் கொள்ளவில்லை. அத்தை 90 நாள் என்றெல்லாம் வரம்பும் வைப்பதில்லை. ஐ-751-க்கான ஆதாரப் பட்டியலில் கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு இவற்றோடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது. அத்தையின் பட்டியலில் அது மட்டும்தான் இருக்கிறது. குழந்தை இல்லாதவர்கள் இருவர் பெயரிலும் வரும் கரன்ட் பில்லை அனுப்பலாம்; அமெரிக்க அரசு வாங்கிக்கொள்கிறது. அத்தை வாங்குவதில்லை.