‘ஒரு மாதிரி’ என்னும் நோய்: மண்ரோடு கண்ட மோட்டார்சைக்கிள் குறித்த ஆய்வு

தலைக்குத்து, கைகால் குடைச்சல், வயிற்றுப் பொருமல், நெஞ்சுக்கரிப்பு என்று உடம்பின் மூலைமுடுக்குக்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் தமிழர்கள், மோட்டார்சைக்கிள் விஷயத்தில் மட்டும் ‘ஒரு மாதிரி’ என்பதோடு நின்றுவிட்டார்கள். “வண்டி ஒரு மாதிரி போகுது.” இந்த வாக்கியத்தைக் கேட்காத மெக்கானிக் கடை இருக்க முடியாது. ஆனால் அது எந்த மாதிரி என்று வரையறுக்க எந்தப் புலவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை: நூறு சிசி வண்டி ஒன்று, ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரம் இரண்டு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நாலு கிலோமீட்டர். ஆய்வாளரும் வண்டிக்குச் சொந்தக்காரரும் ஒருவரே என்பதால் நடுநிலைமையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் களம். மாமனார் ஊரில் கோயில் கொடை. தார்ரோடு சுற்றுவழி, கண்மாய்க்கரை வழியாகப் போனால் பாதித் தூரம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்றொரு களித்தாது உண்டு. அது தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் என்பார்கள் மண்ணியலார். “செருப்பப் புடுங்கி வச்சுக்கிடும்” என்பார் என் மாமனார். இரண்டும் ஒரே கருத்துதான். மாமனாருடையது சுருக்கம். அன்று செருப்புக்குப் பதில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அடைத்து, சக்கரம் சுற்றாமல் சறுக்கிக்கொண்டே வந்தது. சீமைக்கருவேலங் குச்சியை ஒடித்து நோண்டி நோண்டி எடுத்துவிட்டுப் புறப்பட்டோம். அதற்கப்புறம் ஒரு கிலோமீட்டர் கிராவல் ரோடு, அலை அலையாக.

இந்த அலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2007-இல் ஆய்வாளர்கள் சிலர் சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு சின்னச் சக்கரத்தை உருள விட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருந்தது. வேகம் அதைத் தாண்டியதும் அலை எழும்பிவிட்டது. அதாவது ரோட்டைக் கெடுப்பது வண்டி, வண்டியைக் கெடுப்பது ரோடு. யார் முதலில் தொடங்கினார்கள் என்பது பங்காளிச் சண்டை. ஆய்வு அதற்குள் போகாது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த நாலு கிலோமீட்டரில் வண்டிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இருபதுக்கு மேல் போகாமல் ஊர்ந்தோம். எல்லாமே ஆடிய இடத்தில் வண்டியின் ஆட்டம் மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்? கொடை முடியும்வரை இரண்டு நாள் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. திரும்பும்போது யோக்கியமாகத் தார்ரோடு பிடித்து, நாலுவழிச்சாலையில் ஏறி, வேகம் அறுபதைத் தொட்டதும் பின்னாலிருந்து குரல் வந்தது: “என்னங்க, வண்டி ஒரு மாதிரி போகுது?”

ஆக நோயை முதலில் பதிவு செய்தவர் ஆய்வாளர் அல்லர், ஆய்வாளரின் மனைவி. ஆய்வாளர் “ரோடு அப்படி” என்று பதில் சொன்னார். ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது.

இனி, முன்னோர் ஆய்வு. இருசக்கர வண்டி விழாமல் ஓடுவது எப்படி என்று 1899-இல் விப்பிள் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் சமன்பாடு எழுதினார். சக்கரம் சுழல்வதால் நிற்கிறது என்றது ஒரு கட்சி. ஹேண்டில் அச்சின் சாய்வினால், முன்சக்கரம் அந்த அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகிறது, அதனால் நிற்கிறது என்றது இன்னொரு கட்சி. 2011-இல் ஐந்து பேர் சேர்ந்து இந்த இரண்டு குணமும் இல்லாத ஒரு சைக்கிளைச் செய்து உருட்டிவிட்டார்கள். அது பாட்டுக்கு விழாமல் போனது. நிற்பதற்கே ஒற்றைக் காரணம் சொல்ல முடியாத ஒரு பொருள் ஆடுவதற்கு, ஒரே நாளில் காரணம் கேட்டு மெக்கானிக்கிடம் நான் குரலை உயர்த்தியிருக்க வேண்டாம்.

டீக்கடைப் பள்ளியினர் மூவகையாகப் பிரிந்தார்கள். காற்றுவாதிகள் எதற்கும் காற்றையே காரணம் சொல்வார்கள். பாதி நேரம் சரியாகவும் சொல்வார்கள் என்பதால் அவர்களை வெல்ல முடியாது. காற்றைப் பார்த்தோம், சரியாக இருந்தது. கம்பிவாதிகள் ஸ்பேனரால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். முறுக்காக இருப்பது ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். எல்லாமே ஏறக்குறைய ஒரே சுருதியில் நின்றன. மூன்றாவது கட்சி, “எதுக்கும் வண்டிய மாத்திருங்க அண்ணாச்சி” என்றது. இது ஆய்வு நெறி ஆகாது.

கடைசியாக மெக்கானிக். வண்டியைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே தருகிறேன், பின்னால் தேவைப்படும். “அண்ணாச்சி, மொதல்ல வாட்டர் சர்வீஸ் அடிச்சுட்டுக் கொண்டாங்க.” அழுக்கு என்பது அழகியல் பிரச்சினை, நான் வந்திருப்பது இயக்கவியல் பிரச்சினைக்காக என்ற பொருள்பட நான் ஏதோ சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, உதவியாளைப் பின்சீட்டில் அமுக்கச் சொல்லி, தரையை விட்டு எழும்பிய முன்சக்கரத்தின் மேல் ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பினார். இடமிருந்து வலம் வழுக்கிக்கொண்டு வந்த ஹேண்டில், நேர்க்கோட்டுக்கு வந்ததும் குழியில் விழுந்த கோலி மாதிரி ‘டக்’கென்று உட்கார்ந்தது.

“நேரா வச்சா உக்காருது பாருங்க. கோன் செட் போயிட்டு.”

ஹேண்டில் சுழலும் கழுத்தில், மேலும் கீழும் கிண்ணம் வைத்து, நடுவே எஃகுக் குண்டுகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதுதான் கோன் செட். ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர் பிரினெல் 1900-இல் ஒரு சோதனையை உலகுக்குக் காட்டினார்: எஃகுக் குண்டு ஒன்றை உலோகத்தின் மேல் வைத்து அழுத்து, விழும் பள்ளத்தை அள, உலோகத்தின் கடினம் தெரியும். இந்தச் சோதனைக்கு ஆலைகளில் மெஷின் உண்டு. நம் ரோட்டில் அது இலவசம். ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கும்போது குண்டுகள் கிண்ணத்தை இடிக்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால், இடி எப்போதும் அதே இடத்தில் விழுகிறது, அங்கேயே பள்ளமாகிறது. பிறகு ஹேண்டில் அந்தப் பள்ளத்தை விட்டு எழ மறுக்கும். மெதுவாகப் போகும்போது வண்டி குடித்தவன் நடை நடக்கும். இதற்குப் பொறியியலாரும் பிரினெல் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாவம், அளந்து பார்த்தது மட்டுமே அவர் செய்த குற்றம்.

கோன் செட் மாற்றியாயிற்று. ஹேண்டில் வெண்ணெயாகத் திரும்பியது. நாலுவழிச்சாலையில் ஏறினேன். அறுபது. அதே நடுக்கம்.

இந்த இடத்தில்தான் ஆய்வின் மையக் கருத்து பிறந்தது. ‘ஒரு மாதிரி’ ஒரு நோயல்ல, குறைந்தது மூன்று. கையை லேசாக விட்டால் வண்டி ஒரே பக்கம் போவது இழுப்பு. விழுந்து எழுந்ததில் ஃபோர்க் முறுக்கியிருக்கும், அல்லது செயின் அட்ஜஸ்ட்டரில் இரண்டு பக்கமும் கோடு ஒத்திருக்காது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மெக்கானிக் ஹேண்டிலை முறுக்குவாரே, அது இழுப்புக்கான வைத்தியம். வளைவில் வண்டியின் முன்பாதியும் பின்பாதியும் வேறு வேறு யோசனையில் இருப்பது ஆட்டம். அதற்கு ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம், கோன் செட் தளர்ந்திருக்கலாம். குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அந்த வேகம் குறைந்ததும் போய்விடுவது நடுக்கம். எனக்கு இருந்தவை இரண்டு. நான் சொன்னது ஒரே சொல். மெக்கானிக் ஒன்றைத் தீர்த்துவிட்டார். கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணன் சொல்லகராதி தொகுத்ததுபோல மெக்கானிக் கடைக்கும் ஒருவர் தொகுத்துக் கொடுத்தால் நாடு பிழைக்கும்.

தீபாவளிக்காகத்தான் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன். ஆய்வு நோக்கம் ஏதும் இல்லை. தண்ணீர் பீய்ச்சியவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார், ரிம்மின் உட்புறத்தைத் திருப்புளியால் நெம்பினார், என்னைப் பார்த்தார்.

“என்ன சார், ரிம்முக்குள்ள பொங்கல் கிண்டி வச்சிருக்கீக?”

வால்வுக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு நடுவே, கருங்கல்லாக இறுகிய கரிசல். வேப்பமரத்தடியில் நின்ற இரண்டு நாளில் மட்கார்டிலும் ஹப்பிலும் இருந்த ஈரமண் வழிந்து, சக்கரத்தின் அடிப்பக்கம் எதுவோ அங்கே தங்கிக் காய்ந்திருக்கிறது. அவர் சிரிப்பதைப் பொருட்படுத்தாமல் மண்ணைத் தாளில் மடித்து எடுத்துவந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 140 கிராம். முறையாகச் சக்கரத்தைச் சமன் செய்கிறவர்கள் ஒட்டும் ஈயத்துண்டுகள் ஐந்து கிராம், பத்து கிராம் கணக்கில்தான் இருக்கும்.

பதினெட்டு அங்குல ரிம். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட ஒன்பது முறை சுற்றும். அந்த வேகத்தில் 140 கிராம் மண் ரிம்மை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, பத்துக் கிலோ எடைக்குச் சமம். இழுக்கும் திசையும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அதே மண் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் இழுக்கும், ஏனென்றால் வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. மண்ரோட்டில் வாங்கிய நோய் மண்ரோட்டில் வெளிப்படாமல், கண்ணாடி மாதிரியான ரோட்டில் வெளிப்பட்டதற்கு விளக்கம் இதுதான். என் மனைவியிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். “நான் அன்னைக்கே சொன்னேனே” என்றார். அவர் சொன்னது சமன்பாடு அல்ல என்று எடுத்துரைக்க முயன்றேன். அது கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வாட்டர் சர்வீஸுக்கு ஆன செலவு, கோன் செட்டுக்கு ஆனதில் ஐந்தில் ஒரு பங்கு. மண் இப்போது எங்கள் துளசித் தொட்டியில் இருக்கிறது.