புகை பார்க்கும் அண்ணன்

ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஓர் ஒட்டுக்கடை வாசலில் பழைய வீரா கார் ஒன்று வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வந்து நிற்கட்டும். ஓட்டி வந்தவர் சாவியைத் திருப்புவதற்குள் ஒருவர் தே தாரிக்கை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கைலியை மடித்துக் கட்டுவார். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் போய்க் குந்துவார்.

"தம்பி, ஆஃப் பண்ணாத லா. ஒரு மிதி மிதி."

அந்த மிதியோடு கார் சொந்தக்காரரின் கையை விட்டுப் போய்விடும்.

பேராக்கில் இவருக்குத் தனிப்பெயர் கிடையாது, அண்ணன் என்றாலே போதும். பட்டறை வைத்திருக்க மாட்டார். லாரி ஓட்டி ஓய்ந்தவராக இருக்கலாம், பள்ளிக்கூட பஸ் ஓட்டியவராகவும் இருக்கலாம். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் தோட்டத்தைக் காட்டுவார். அப்பா ரப்பர் தோட்டத்துப் புகை வீட்டில் வேலை பார்த்தவராம். பாலை உறையவைத்து, உருளையில் விட்டு ஷீட்டாக அழுத்தி, விறகுப் புகையில் நாள்கணக்கில் காயப்போடுவார்கள். காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழி, பூஞ்சணம், கறை எல்லாம் கண்ணாலேயே பார்த்து ஆர்எஸ்எஸ் (வரியிட்ட புகை ஷீட்) 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். பிறகு ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. லயத்துச் சனம் தாமான்களுக்குக் குடிபோனது. அந்தப் பரம்பரைக் கண்ணுக்கு இப்போது எக்ஸாஸ்ட் புகையை விட்டால் வேறு வேலையில்லை.

கண்ணைக் குறை சொல்ல முடியாது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, வெள்ளை என்றால் தண்ணீர் என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில்தான் வழக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ராத்திரி மழை பெய்து குளிர்ந்து கிடக்கும் குழாயில் அந்த ஆவி வெள்ளையாகத் தெரியும். குழாய் சூடேறினால் மறைந்துவிடும். கேமரன் மலையில் விடியற்காலைக் குளிரில் புத்தம் புதுக் கார்கூட இப்படிப் புகைக்கும். நல்லவேளை, அண்ணன் மலைக்குக் குடிபோகவில்லை.

"காலையில மட்டும்தாண்ணே வருது."

"ஆரம்பத்துல அப்படித்தான் வரும். கேஸ்கெட் போச்சு. எழுதி வச்சுக்க."

எந்த வெள்ளைப் புகைக்கும் அவர் தீர்ப்பு கேஸ்கெட்தான். சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு அது. பெட்ரோல் எரியும் இடம், கூலன்ட் ஓடும் வழி, எண்ணெய் ஓடும் வழி மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதன் வேலை. எஞ்சின் கொதித்தால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும், கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். அப்போது வரும் வெள்ளைப் புகை கார் சூடேறினாலும் நிற்காது. லேசான இனிப்பு வாசனையும் அடிக்கும். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா மேட்டில் கொதித்து நின்ற கார்களின் கதைகளை அண்ணன் விடியும்வரை சொல்வார்.

சோதனைகளும் உண்டு. முதலில் உள்ளங்கையைப் புகைக்குக் காட்டி முகர்வார். நாக்கில் தொட்டும் பார்ப்பார். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பது அவர் நாக்குக்குத் தெரியாது. பிறகு எண்ணெய் மூடியைக் கழற்றி உள்ளே பால் காப்பி நிறத்தில் நுரை இருக்கிறதா என்று தேடுவார். நல்ல சோதனைதான், ஆனால் மளிகைக்கடைக்கு மட்டும் போய்வரும் காரிலும் ஈரம் சேர்ந்து அதே நுரை வரும். கடைசியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஈரத்துணி கேட்பார். உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடியைத் திருகியதும் முகத்தில் பாயும். இதை ஒருமுறை பார்த்துவிட்ட கடைக்காரர், துணி இல்லை என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது வைத்தியம். "தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசு. வெயில் நாட்டுக்கு அது எதுக்கு?" எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோலும் கூடும், தேய்மானமும் கூடும். ரேடியேட்டரில் கசிவா? முட்டை வெள்ளைக்கருவும் மிளகுத்தூளும் போடச் சொல்வார். வெந்த முட்டை ஓட்டையை அடைக்கும் என்பது உலகமெங்கும் உள்ள பழைய கைவைத்தியம். அது நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைக்கும் என்பதை அவர் சொல்வதில்லை.

பட்டறையில் இத்தனை பேச்சு இல்லை. சீனப் போமன், அதாவது மெக்கானிக், ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்து, அதில் நீலத் திரவத்தை ஊற்றி எஞ்சினை ஓடவிடுவார். எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அப்படி மஞ்சளானால்தான் ஹெட்டைக் கழற்றுவார். நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து வளைவை அளப்பார்கள். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தாலே ஹெட்டைச் சமமாகச் சீவ, அதாவது ஸ்கிம் போட, அனுப்புவார்கள். புதுக் கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அளவு பார்த்துப் படிப்படியாக முறுக்குவார்கள்.

அண்ணனுக்கு அந்த நீலத் திரவத்தைக் கண்டாலே ஆகாது. ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிட்டால் மிச்சச் சாயங்காலத்தை என்ன செய்வது? "சீனன் மருந்து ஊத்தி ஏமாத்துறான்" என்பார். நீலம் நீலமாகவே நின்றுவிட்டால், "மருந்து பழசு" என்பார்.

அவர் வந்து போவது ஒரு பழைய ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் மோட்டார் சைக்கிளில். காற்றிலேயே குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் இல்லை, கூலன்டும் இல்லை. கூலன்ட் எரிந்து வெள்ளைப் புகை வர வழியே இல்லை. உதைத்துக் கிளப்பும்போது பின்னால் நல்ல நீலமாக ஒரு புகை வரும். மேசையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் அது என்ன புகை என்று தெரியும், அவரே சொல்லிக்கொடுத்ததுதானே. யாரும் வாய் திறப்பதில்லை. தண்ணிக்காசு அவர்தான் கொடுக்கிறார்.