மாதத்துக்கு மூன்றரை பார்

"இந்த மாசம் நாலு பார் முடிச்சிட்டேன் சார். அடுத்த மாசம் எப்படியும் இன்னொரு நாலு."

குரோம்பேட்டையில் ஒரு அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நின்று நம்மவர் போனில் இப்படிப் பெருமையடித்தபோது, காய்ந்த வடாமை எடுக்க வந்த எதிர்வீட்டு மாமியின் காதில் அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நம்மவரின் மனைவியைப் பார்க்கும்போதெல்லாம் மாமியின் குரலில் ஒரு பரிவு. விஷயம் தெரிந்ததும் நம்மவர் லிஃப்டில் மாமியை மடக்கி, பார் என்றால் இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் கட்டம், தாளக் கணக்குக்காகப் பிரித்திருப்பது என்று விளக்கினார். "எதுவும் ஒரு கணக்கோட இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு மாமி தரைத்தளத்தில் இறங்கிப் போனார்.

நம்மவருக்கு வயது 52, வேலை வங்கியில். கிளாசிக்கல் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போது கையில் எடுத்திருப்பது பாக்கின் முதல் செல்லோ சூட்டில் வரும் பிரிலூட். மொத்தம் 42 பார்தான். தேர்ந்த செல்லோக் கலைஞர் இரண்டரை நிமிஷத்தில் வாசித்துவிட்டு வில்லைக் கீழே வைத்துவிடுவார். நம்மவர் ஒரு வருஷத் திட்டம் போட்டார். 42-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு மூன்றரை. தவணை போடுவது அவர் தொழில். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். ஏழாவது மாதத்தில் நிலுவை ஒன்பது பார்.

ஒரு வாத்தியத்துக்காக எழுதியதை இன்னொரு வாத்தியத்துக்கு மாற்றுவதை டிரான்ஸ்கிரிப்ஷன் என்கிறார்கள். கிட்டத்தட்ட வீடு மாற்றுகிற காரியம். பியானோவில் 88 கட்டைகள், பத்து விரல்கள், போதாததற்குக் காலுக்கு வேறு பெடல். கிட்டாரில் ஆறு தந்தி. அழுத்த இடது கையில் நாலு விரல், மீட்ட வலது கையில் நாலு விரல். பங்களாவைக் காலி செய்து ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டுக்கு வருகிறவர், வாசலில் லாரியை நிறுத்திவிட்டு நிற்கிற நிலைமைதான். ஊஞ்சலை யார் தலையில் கட்டுவது? தாத்தாவின் ஈஸிசேர் இந்த வாசலில் நுழையுமா?

செல்லோவிலிருந்து வந்தால் கதை தலைகீழ். ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவருக்குச் சின்ன வீடும் காலியாகத் தெரியும். அதனால் பிரிலூடைக் கிட்டாருக்கு மாற்றியவர்கள் அடியில் அங்கங்கே பேஸ் நோட்டுகளைச் சேர்த்துவிட்டார்கள். ஜி மேஜரில் இருப்பதைப் பெரும்பாலும் டி மேஜருக்கு மாற்றி, ஆறாவது தந்தியையும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிக்கொள்வார்கள். இறக்கியதை மறந்துவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பிப்பது மட்டும் நம்மவர் சொந்தமாகச் சேர்த்தது.

அவரோடு சேர்ந்து இன்னும் மூன்று பேர் இந்த வழியில் போகிறார்கள்.

முதலாமவர் ரயில்வேக்காரர். அவருடைய பாட்டு அல்பேனிஸின் 'அஸ்தூரியாஸ்'. 1890-களில் பியானோவுக்காக ஜி மைனரில் எழுதப்பட்டது. கிட்டாரில் ஈ மைனர். கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டைப் பேச, அழுத்தாமல் விட்ட இரண்டாம் தந்தி ஒவ்வொரு வார்த்தைக்கும் குறுக்கே பதில் சொல்லிக்கொண்டே வரும். கிட்டாரைப் போல ஒலிக்கப் பியானோவில் எழுதிய பாட்டு, கடைசியில் கிட்டாரிடமே வந்து சேர்ந்து, மூலமே கிட்டார்தான் என்று பலர் நம்பும் அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயரிலும் ஒரு கூத்து உண்டு. அஸ்தூரியாஸ் ஸ்பெயினின் வடகோடி. பாட்டில் கேட்பதோ தெற்கே ஆண்டலூசியாவின் ஃபிளமெங்கோ வாசனை. 1909-இல் அல்பேனிஸ் இறந்த பிறகு பதிப்பாளர் வைத்த பெயர் அது. திருநெல்வேலிக் கும்மிக்கு 'இமாச்சலப் பிரதேசம்' என்று தலைப்புப் போட்ட மாதிரி. ரயில்வேக்காரர் இதை எக்ஸ்பிரஸ் வேகத்தில் கிளப்பிக்கொண்டு போய், மெதுவான நடுப்பகுதி வந்ததும் அவுட்டரில் நிறுத்திவிடுவார். சிக்னல் எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாமவர் பல் டாக்டர். எடுத்த எடுப்பிலேயே 'ஷாக்கோன்' மீது கை வைத்துவிட்டார். பாக்கின் 1720-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிற இரண்டாவது வயலின் பார்ட்டிட்டாவின் கடைசிப் பகுதி அது. ஒற்றை வயலினுக்குக் கால் மணி நேர வேலை. செகோவியா 1935-இல் பாரிஸ் மேடையில் அதைக் கிட்டாரில் வாசித்த நாளிலிருந்து, கிட்டார்காரர்களுக்கு அது ஏறியே தீர வேண்டிய மலை. பிராம்ஸ் அதைப் பியானோவில் இடது கைக்கு மட்டும் மாற்றி எழுதினார். நம் டாக்டர் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக முதல் பக்கத்தில் இருக்கிறார். கேட்டால், "ரூட் கெனால் மாதிரி சார், சிட்டிங் சிட்டிங்காத்தான் பண்ணணும்" என்பார்.

மூன்றாவது, இன்ஜினீயரிங் படிக்கும் ஒரு பெண். மற்ற மூவரும் அவளுக்கு அங்கிள்கள். மூவருக்கும் அவளிடம் பயம். கிட்டார் பதிப்பையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே எதைச் சேர்த்தார்கள், எதைக் கழற்றினார்கள் என்று சிவப்பு மையில் குறித்து வைத்திருப்பவள். பாக் தன் கையால் எழுதிய செல்லோ சூட் பிரதி கிடைக்கவில்லை, அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த பிரதிதான் இருக்கிறது என்று அவள் சொன்னதை நம்மவர் வீட்டில் சொன்னார். "பாவம், அந்தம்மாவுக்கும் இதே வேலைதானா?" என்றார் மனைவி.

மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம்மவர் வலது கையில் மட்டும் நகம் வளர்க்கிறார். இடது கை நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் தந்தி சரியாக அமுங்காது. வலது கையில் நகம் இல்லாவிட்டால் நைலான் தந்தியில் ஒலி திரளாது. ஸ்பெயினில் வலது கைக்கு வேறு வேலை இருக்காது போலிருக்கிறது. இங்கே அதே கையால்தான் ரசம் சாதமும் பிசைய வேண்டும். நாலு நகத்திலும் மஞ்சள் ஏறி, வங்கி கவுன்ட்டரில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மோதிர விரல் நகம் ஒருமுறை பைக் ஸ்டாண்டில் பட்டு உடைந்தது. உடைந்தால் டேபிள் டென்னிஸ் பந்தை நக வடிவத்தில் வெட்டிப் பசை போட்டு ஒட்டிக்கொள்வது கிட்டார்காரர்கள் நெடுநாளாகச் செய்யும் வைத்தியம். ஹார்டுவேர் கடையில் இருப்பதிலேயே நைசான உப்புத்தாளும் உடனடிப் பசையும் கேட்டபோது, "எந்த மரத்துக்கு சார்?" என்று கடைக்காரர் விசாரித்தார். நம்மவர் விரலைக் காட்டினார்.

சொந்தக்காரர்கள் வந்தால் வேறு சோதனை. தமிழ்நாட்டில் கிட்டாரோடு பிடிபட்டவன் 'இளைய நிலா' வாசிக்காமல் தப்ப முடியாது. 1982-இல் வந்த பாட்டு. இன்றுவரை ஜாமீன் கிடையாது. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் இளையராஜாவே தங்கப் பதக்கம் வாங்கியவர், ஆகவே தானும் அதே பாதையில்தான் போகிறேன் என்று நம்மவர் வாதாடிப் பார்த்தார். "அப்போ அவர் பாட்டையே வாசியேன்" என்றார் பெரிய மாமா. சமாதானத்துக்காகத் தாரெகாவின் 'கிரான் வால்ஸ்' எடுத்தார் நம்மவர். நோக்கியா தன் ரிங்டோனை எடுத்துக்கொண்ட இடம் வந்ததும் மாமா சட்டைப் பையைத் தடவிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

நால்வரும் வாரா வாரம் ஒருவருக்கொருவர் வாட்ஸ்ஆப்பில் ஒலிப்பதிவு அனுப்பிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். நம்மவர் அனுப்புகிற நாற்பது விநாடிக்குப் பின்னால் ஒரு முழு மாலை இருக்கிறது. முதல் பதிவில் ஐந்தாவது பாரில் குக்கர் விசில். அடுத்ததில் கோலமாவு விற்பவர். பதினோராவது பதிவு பிசிறில்லாமல் வந்தது. பதிவு பொத்தானை அழுத்த மறந்திருந்தார். பாட்டைக் கிட்டாருக்கு மாற்றுவதைப் போலத்தான் மாலையைப் பதிவாக மாற்றுவதும். எதை விட வேண்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கேட்பவர்களுக்கும் இலக்கணம் உண்டு. வாசிப்பு மோசமென்றால், "கிட்டார் எது சார், நல்லா பேசுதே" என்று கேட்க வேண்டும். அதைவிட மோசமென்றால், "ரூம்ல நல்ல எக்கோ." சுமார் என்றால், "டோன் நல்லா இருக்கு." உண்மையாகவே நன்றாக இருந்தால் யாரும் பாராட்டுவதில்லை, அந்த இடத்தில் எந்த விரல், எந்தத் தந்தி என்று கேட்டு, பென்சிலால் தன் தாளில் குறித்துக்கொள்வார்கள். ஏழு வருஷத்தில் நம்மவருடைய கிட்டாரின் ஊர், மரம், விலை எல்லாம் மற்ற மூவருக்கும் மனப்பாடம்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை டாக்டரின் கிளினிக் விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நால்வரும் கூடுவார்கள். சுவரில் கடைவாய்ப் பல்லின் குறுக்குவெட்டுப் படம். அதற்கு நேர் எதிரே நம்மவர் இடது காலைச் சின்ன ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்தார். தவணை கட்டி முடித்து, முதல்முறையாக 42 பாரையும் முழுதாக வாசிக்கப் போகிறார். ஒரு வருஷத் திட்டத்தில் இது பத்தொன்பதாவது மாதம்.

பன்னிரண்டாவது பாரில் ஒரு தந்தி உறுமியது. இருபத்தைந்தில் ஒரு விநாடி எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, சமாளித்தார். முடிவுக்கு முன்னால், 37-ஆவது பாரிலிருந்து மெட்டு அரையரைச் சுரமாக மேலே ஏறும் இடம் வந்தது. வீட்டில் அவர் வழக்கமாகத் தடுக்கி விழும் படி அதுதான். பயத்தில் கட்டைவிரல் அடித்திருக்க வேண்டிய பேஸ் நோட்டை அடிக்காமல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மற்ற விரல்கள் பாரம் குறைந்த வண்டி போலச் சரசரவென்று ஏறிவிட்டன. கடைசி நோட்டு அடங்கும்வரை அவர் நிமிரவில்லை.

யாரும் பேசவில்லை. நம்மவர் கிட்டார் பெட்டியைத் திறக்கக் குனிந்தார். மரம், விலை எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

"சார், அந்த 37-ல என்ன ஃபிங்கரிங் போட்டீங்க? அவ்ளோ லேசா ஏறுதே" என்றார் ரயில்வேக்காரர். கையில் பென்சில் இருந்தது.

நம்மவருக்கு வார்த்தை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது, சிவப்பு மைக்காரி தன் தாளிலிருந்து நிமிர்ந்தாள். "அங்கிள் கீழ இருக்கற பேஸை எடுத்துட்டாங்க. அது கிட்டாருக்குன்னு சேர்த்ததுதான், செல்லோவுல கிடையாது. வேணும்னுதானே விட்டீங்க அங்கிள்?"

டாக்டரும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று பென்சில்கள் ஒரே நோட்டின் மேல் குறுக்குக் கோடு போட்டன.

"ஆமாம்மா," என்றார் நம்மவர், "ரொம்ப யோசிச்சுத்தான்."